சரளை என்ற சொல்லும் லடாக்கின் சரிவுகளும்

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் பாடநூலில் இந்திய மண் வகைகள் எட்டு. வண்டல், கரிசல், செம்மண், சரளை, காடு மற்றும் மலை மண், வறண்ட பாலை மண், உப்பு மற்றும் கார மண், களி மற்றும் சதுப்பு மண். பெயர், நிறம், விளையும் பயிர், காணப்படும் மாநிலம் என்று நான்கு கட்டம் போட்டு நாம் கரும்பலகையில் எழுதுகிறோம். மாணவர்களும் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். இந்தக் கட்டங்களில் எதிலும் சரியாகப் பொருந்தாத மண் ஒன்று நம் நாட்டில் பரந்து கிடக்கிறது. அது மலை மண். அதே நேரம் பாலை மண். லடாக்கின் செங்குத்தான சரிவுகளில் பாதிக்கு மேல் கல்லாகவே இருக்கும் மண்ணைத்தான் சொல்கிறேன்.

முகப்பேரில் உயர்நிலை வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கும் நான், கடந்த சில ஆண்டுகளாக இந்த மண்ணுக்கென்று மூன்று பாடவேளைகளை ஒதுக்கி வருகிறேன். பொதுத்தேர்வில் இதிலிருந்து நேரடி வினா வராது என்பது தெரிந்தேதான். பெய்த மழை மண்ணுக்குள் போய் என்ன ஆகிறது என்ற கேள்வியை இவ்வளவு பளிச்சென்று காட்டும் வேறு மண்ணை நான் பார்க்கவில்லை. கடலோரச் சமவெளியில் வளரும் நம் பிள்ளைகளுக்குச் சரிவு என்றாலே பரங்கிமலைப் படிக்கட்டுதான். அவர்களுக்கும் இது புரிகிறது. எப்படிப் புரியவைத்தேன் என்பதையும் ஆங்காங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதலில் சொல்லைத் தீர்ப்போம்

பாடத்தைத் தொடங்கும்போதே ஒரு குழப்பம் வரும். பாடநூல் சரளை மண் என்று சொல்வது லேட்டரைட் மண்ணை. பிரான்சிஸ் புக்கானன் 1807இல் வெளியிட்ட தம் பயண நூலில், மலபார் பகுதியில் மக்கள் செங்கல் போல வெட்டி எடுத்த மண்ணுக்கு, இலத்தீனில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து இந்தப் பெயரை வைத்தார். தமிழில் செம்புறாங்கல் என்பார்கள். மழையும் வெப்பமும் மிகுந்த இடங்களில் கரையக்கூடியவை எல்லாம் கரைந்து கீழே இறங்கிவிட, இரும்பும் அலுமினியமும் தங்கிப்போன மண் அது. மிளகு அளவிலும் கொண்டைக்கடலை அளவிலும் இரும்பு உருண்டைகள் அதில் கிடப்பதால் சரளை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தச் சிவந்த மண் நமக்குத் தூரத்திலும் இல்லை. அது இருக்கும் இடங்களாகப் பாடநூல் சொல்லும் மாவட்டங்களில் திருவள்ளூரும் ஒன்று. செங்குன்றம் என்ற பெயரே நிறத்தைச் சொல்லிவிடுகிறது. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்ததும் இத்தகைய சரளைப் படிவில்தான். (அது வரலாற்று ஆசிரியரின் பாடவேளை; நாம் கடன் வாங்கக் கூடாது.)

எங்கள் பிள்ளைகளுக்கு மூன்றாவதாக ஒரு சொல்லும் தெரியும். கிராவல். மழைக்காலத்தில் குளமாகும் மைதானத்தை மேடாக்க லாரியில் வந்து கொட்டுவது. "சரளை மண்ணுன்னா கிரவுண்ட்ல கொட்டுனாங்களே கிராவல், அதானே மிஸ்?" என்று ஆண்டுக்கு ஒருவராவது கேட்பார்கள். அது பாதி சரியான விடை. அந்த லாரி மண் நம் மாவட்டத்துச் செம்மண் மேட்டிலிருந்து வந்திருந்தால், பாடநூல் சொல்லும் பொருளிலும் அது சரளைதான்.

ஆகவே முதல் பாடவேளையிலேயே குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதச் சொல்லிவிடுகிறேன். லேட்டரைட் என்பது மண் உருவான விதத்துக்குப் பெயர். சரளை என்பது அளவுக்குப் பெயர். மண்ணியலாளர் கணக்கில் 2 மில்லிமீட்டருக்கு மேல், சுமார் 75 மில்லிமீட்டருக்குள் இருக்கும் கல் எல்லாம் சரளை. அதற்குக் கீழே இருப்பதுதான் மணல், வண்டல், களி. நாக்பூரில் உள்ள தேசிய மண் ஆய்வு மற்றும் நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் நிறுவனம் பயன்படுத்தும் அமெரிக்க வகைப்பாட்டின்படி, மண்ணின் கன அளவில் 15 முதல் 35 விழுக்காடு வரை சரளை இருந்தால் அது சரளை கலந்த மண். 35 முதல் 60 வரை என்றால் மிகு சரளை மண். 60ஐத் தாண்டினால் கல்லுக்கு நடுவே கொஞ்சம் மண் என்றுதான் சொல்ல வேண்டும். தேர்வில் சரளை மண் என்று கேட்டால் பாடநூலில் உள்ளதையே எழுத வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது. இந்தக் கட்டுரையில் இனிமேல் சரளை என்றால் அளவுதான்.

2 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடை பள்ளியில் இருக்காது. கொத்தனார்கள் பூச்சு மணல் சலிக்கும் சல்லடை அதற்கு நெருங்கி வரும். எங்கள் தெருவில் எப்போதும் ஏதாவது ஒரு வீடு கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு மணி நேரம் கேட்டால் தருவார்கள். மைதானத்துக் கிராவலை ஒரு வாளி அள்ளிச் சலித்து, சல்லடைக்கு மேலே நின்றதையும் கீழே விழுந்ததையும் தனித்தனிக் குவளைகளால் அளந்து, விழுக்காடு போடச் சொல்லுங்கள். கல்லுக்கு நடுவே உள்ள காற்றும் குவளையில் இடம் பிடிக்கும் என்பதால் இது தோராயமான கணக்கு. வகுப்பறைக்கு இது போதும்.

கல் எங்கிருந்து வந்தது

லே நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. இமயமலையின் மழை மறைவுப் பகுதி. ஆண்டு முழுவதும் மழையும் பனியும் சேர்த்தே சுமார் 100 மில்லிமீட்டர். சென்னைக்கு ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். நமக்கு நவம்பரில் ஒரே நாளில் பெய்துவிடக்கூடியது அவர்களுக்கு ஓர் ஆண்டு வரும்படி என்று சொன்னால் வகுப்பு ஒரு கணம் அமைதியாகிவிடும்.

இந்த வறட்சியில் பாறை எப்படி உடைகிறது? பாறை இடுக்கில் இறங்கிய கொஞ்ச நீர் இரவில் உறைகிறது. உறையும்போது அதன் பருமன் சுமார் 9 விழுக்காடு பெருகுகிறது. பகலில் உருகுகிறது, மறு இரவில் மீண்டும் உறைகிறது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தினமும் மேலும் கீழுமாகத் தாண்டுவதால், இடுக்குக்குள் ஆப்பு வைத்து அடித்தது போல இது நடந்துகொண்டே இருக்கும். உறைபனிப் பெட்டியில் வைத்த தண்ணீர் பாட்டில் உப்பிப்போவதை எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள், அதை நினைவுபடுத்தினால் போதும். நம் ஊரில் பாறையைச் சிதைப்பதில் பெரும்பங்கு நீரின் வேதிவினைக்கு. பாறை களியாகவே மாறிவிடும். அங்கே வேதிவினைக்கு வேண்டிய நீரும் வெப்பமும் குறைவு. பாறை உடைகிறது, ஆனால் அவ்வளவாக மாறுவதில்லை. அதனால்தான் அந்த மண்ணில் கல் அதிகம், களி மிகக் குறைவு.

கல்லின் வடிவமும் கதை சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையில் ஆற்றுக் கூழாங்கல்லையும் மறுகையில் ஜல்லியையும் பிடிக்கச் சொல்வேன். கூழாங்கல் உருண்டு தேய்ந்து வந்தது. ஜல்லி உடைந்த இடத்திலிருந்து இன்னும் நகராதது, அதனால்தான் விளிம்பு குத்துகிறது. சரிவுச் சரளை ஜல்லிக்கு அண்ணன் மாதிரி. லேவுக்கு வடக்கே நிற்கும் லடாக் மலைத்தொடர் பெரும்பாலும் கிரானைட். அது உடைந்தால் கரடுமுரடான மணலும் கோணல் கற்களும் பாறாங்கற்களும் வரும். சிந்து ஆற்றைத் தாண்டித் தெற்கே போனால் படிவுப் பாறைகள். அவற்றில் பழங்காலக் கூழாங்கற்கள் சிமெண்ட் போட்டது போல ஒட்டிக்கிடக்கும். ஆகவே கூழாங்கல்லைப் பார்த்தவுடன் ஆறு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆறு ஓடியது பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பாகவும் இருக்கலாம்.

ஆவடியை ஒட்டிய பகுதி என்பதால் எங்கள் பள்ளியில் மத்தியப் படைகளில் பணிபுரிவோரின் பிள்ளைகள் சிலர் எப்போதும் இருப்பார்கள். அப்படி ஒரு மாணவியின் அப்பா லேயில் பணியிலிருந்தபோது எடுத்த படங்களைக் கைப்பேசியில் காட்டினாள். மரமே இல்லாத சாம்பலும் பழுப்புமான மலை. சரிவின் மேற்புறம் பொடிக்கற்கள், கீழே வர வரப் பெரிய கற்கள். "பெருசுதானே மிஸ் மேலேயே நிக்கணும்? எப்படிக் கீழ வந்துது?" என்று இன்னொருவன் கேட்டான். பெரிய கல்லுக்கு உந்தம் அதிகம். வழியில் உள்ள சிறு குழிகள் அதை நிறுத்த முடியாது, அடிவாரம் வரை உருண்டுவிடும். சிறிய கல் மேலேயே இடுக்கில் மாட்டிக்கொள்ளும். பாடநூலில் இல்லாத கேள்வி. படம் இருந்ததால் வந்தது.

இந்த மண்ணின் மற்ற குணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செடி குறைவு என்பதால் இலைமட்கு மிகக் குறைவு. பல இடங்களில் ஒரு முழத்துக்குள்ளேயே பாறை தட்டும். மழை போதாததால் சுண்ணாம்பும் உப்பும் கழுவப்பட்டுப் போவதில்லை, மண் காரத்தன்மையோடு இருக்கும். பாலை நிலங்களில் ஒரு கல்லைப் புரட்டினால் அடிப்புறத்தில் மட்டும் வெள்ளைப் படலம் ஒட்டியிருப்பதைப் பல இடங்களில் காணலாம். கல்லைச் சுற்றி வழிந்த நீர் அடியில் தங்கி, உலர்ந்து, விட்டுப்போன சுண்ணாம்பு அது. வகுப்பில் காட்டச் சுண்ணாம்புப் படலத்துக்கு எங்கே போவது? சத்துணவு முட்டையின் ஓடு போதும். அதுவும் அதே கால்சியம் கார்பனேட்தான். எலுமிச்சைச் சாறு விட்டால் குமிழி வரும்.

தண்ணீர்க் கணக்கு

பாடத்தின் மையம் இதுதான். இரண்டாவது பாடவேளை முழுவதையும் இதற்குக் கொடுங்கள்.

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழம். மொத்தம் 300 லிட்டர் மண். கல்லே இல்லாத மண் என்றால், செடி உறிஞ்சக்கூடிய நீர் அதில் 15 விழுக்காடு நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். 45 லிட்டர். இப்போது அதில் 60 விழுக்காடு கல். கல் நீரைப் பிடித்து வைக்காது. எஞ்சிய 120 லிட்டர் மண்ணில் நிற்பது 18 லிட்டர்தான். கோடையில் வெயிலும் காற்றும் நாளொன்றுக்கு 6 லிட்டர் எடுத்துக்கொண்டால், முதல் நிலத்தில் ஏழரை நாள் தாங்கும், இரண்டாவதில் மூன்றே நாள். இந்தக் கணக்கைப் போட்டவுடன் மாணவர்கள் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள்: கல் இருந்தால் மோசமான மண்.

அந்தத் தீர்ப்பைச் சற்று நிறுத்திவைத்து, அடுத்த கணக்கைக் கொடுக்க வேண்டும். இந்த முறை நிலம் நிரம்புமளவு மழை இல்லை, வெறும் 10 மில்லிமீட்டர் மழை. கல்லில்லாத உலர்ந்த மண் தன் பருமனில் 20 விழுக்காடு நீரைப் பிடித்த பிறகே அடுத்த அடுக்குக்கு விடுகிறது என்று கொள்வோம். அப்படியானால் 10 மில்லிமீட்டர் மழை 50 மில்லிமீட்டர் ஆழம் வரை நனைக்கும். அதாவது 5 சென்டிமீட்டர். இரண்டு நாள் வெயிலில் அது போய்விடும். 60 விழுக்காடு கல் உள்ள மண்ணில் நீரைப் பிடிப்பது 40 விழுக்காடு மண் மட்டும். 20இல் 40 விழுக்காடு, 8. அதே மழை 125 மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. பன்னிரண்டரை சென்டிமீட்டர். வெயில் எளிதில் எட்டாத ஆழம் அது.

ஒரே கல் கொள்ளளவைக் குறைக்கிறது. குறைவான மழையை ஆழத்தில் ஒளித்தும் வைக்கிறது. ஈரமான நாட்டில் கல் நிறைந்த மண் ஏழை மண். மழை அரிதான நாட்டில் அதே மண் பக்கத்திலுள்ள களிமண்ணைவிடச் செடிக்கு உதவுவதும் உண்டு. லடாக் சரிவுகளில் எபிட்ரா போன்ற குறுஞ்செடிகள் ஆழமாக வேரோடிப் பிழைப்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். மாணவர்கள் தங்கள் தீர்ப்பைத் தாங்களே அடித்துத் திருத்துவதைப் பார்ப்பது எனக்குப் பிடித்த பத்து நிமிடம். கணித ஆசிரியரையும் அழைத்துக்கொண்டால் அவருக்கும் விழுக்காடு பாடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு கிடைக்கும்.

கணக்கைக் கையாலும் செய்து பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் மூன்றின் அடியை வெட்டிக் கவிழ்த்து, மூடியில் சிறு துளையிடுங்கள். ஒன்றில் சலித்த மண். இரண்டாவதில் பாதி மண், பாதி ஜல்லி கலந்தது. மூன்றாவதில் சலித்த மண்ணின் மேல் ஒரு விரற்கடை உயரம் ஜல்லி பரப்பியது. ஒவ்வொன்றிலும் ஒரே அளவு நீர் ஊற்றினால் இரண்டாவது பாட்டிலில் முதலில் சொட்டும். சொட்டு நின்றபின் மூன்றையும் எடை போட்டு, வெள்ளி மாலை வெயில் படும் இடத்தில் வைத்துவிட்டுத் திங்கள் காலை மீண்டும் எடை போடுங்கள். மேலே கல் பரப்பியது குறைவாக எடை இழந்திருக்கும். கல் ஒரு மூடி. சத்துணவுக் கூடத்துத் தராசு இதற்குப் போதுமான துல்லியம் உடையது. சமையலர் அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கல் மேலே கிடப்பதற்கும் மேலோட்டில் பதிந்து கிடப்பதற்கும் வேறுபாடு உண்டு என்பதைப் பத்தாம் வகுப்புக்குச் சொல்லலாம். தளர்வாக மேலே கிடக்கும் கல், மழைத்துளி மண்ணை அடித்து இறுக்காமல் காக்கிறது, நீர் உள்ளே இறங்குகிறது. இறுகிப்போன மேலோட்டில் தார்ச்சாலை ஜல்லி போலப் பதிந்த கல்லோ நீரை வழுக்கி ஓடச் செய்கிறது. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் பழங்கால உழவர்கள் சரிவுகளில் கிடந்த கற்களைப் பொறுக்கி ஆயிரக்கணக்கில் சிறு குவியல்களாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். ஏன் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அங்கே பண்டைய பண்ணையொன்றை மீட்டெடுத்து ஆராய்ந்த மைக்கேல் எவநாரி குழுவினர், கல்லை அகற்றிய சரிவிலிருந்து கூடுதல் நீர் வழிந்து கீழே உள்ள வயலுக்கு வருவதை அளந்து காட்டினார்கள். கல்லைத் தொட்டால் நீர் போகும் வழி மாறும்.

நிற்கும் கோணம்

உலர்ந்த மணலைக் குவித்தால் கூம்பாக நிற்கும். இன்னும் கொட்டினால் கூம்பு பெரிதாகும், ஆனால் சரிவின் கோணம் மாறாது. மிஞ்சியது வழிந்துவிடும். அந்தக் கோணத்துக்கு ஓய்வுக் கோணம் என்று பெயர். வடிவியல் பெட்டியின் பாகைமானியாலேயே அளக்கலாம். மணல் 30 பாகையைச் சற்றுத் தாண்டி நிற்கும். உருண்டைக் கூழாங்கல் அதைவிடத் தாழ்வாகவே நிற்கும். கோணல் ஜல்லி ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால் 35 முதல் 40 பாகைக்குள் நிற்கும். லடாக்கின் கற்சரிவுகள் பலவும் இந்தக் கோணத்தை ஒட்டியே நிற்கின்றன. இன்னும் ஒரு கை கல் விழுந்தால் வழியத் தொடங்கும் நிலை. வேரும் களியும் பிடித்துவைக்காத மண்ணை அங்கே நிறுத்தியிருப்பது கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலான உராய்வு மட்டுமே.

இங்கே ஒரு கேள்வியை வகுப்பிடமே விடுகிறேன். மேலிருந்து ஆண்டுதோறும் கல் உடைந்து விழுந்துகொண்டே இருக்கிறது. நம் நீலகிரியில் அப்படி விழும் மண்ணை மழை ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவி ஆற்றில் சேர்த்துவிடும். லடாக்கில் கழுவ மழையில்லை. அப்படியானால் அந்தக் கல்லெல்லாம் எங்கே? சரிவிலும் ஓடை இடுக்குகளிலும் சேர்ந்துகொண்டே இருக்கிறது. நூறு ஆண்டு, ஆயிரம் ஆண்டு. வறட்சி அதைச் சேமித்து வைக்கிறது.

2010 ஆகஸ்ட் 6

"மழையே இல்லாத ஊர்ல வெள்ளம் எப்படி மிஸ் வரும்?" என்ற கேள்விக்கு விடை அந்த நாள். ஆகஸ்ட் 5 நள்ளிரவைத் தாண்டி, லே பகுதியில் மேகவெடிப்பு. சரிவுகளில் சேர்ந்திருந்த சரளையும் மணலும் பாறாங்கற்களும் நீரோடு கலந்து, ஈரச் சிமெண்ட் கலவை போலக் கெட்டியாக ஓடைகள் வழியே இறங்கின. லே நகரின் பேருந்து நிலையமும் மருத்துவமனையும் தொலைபேசி அலுவலகமும் பாதிக்கப்பட்டன. நகரை அடுத்த சோக்லம்சர் பெரும் சேதத்தைச் சந்தித்தது. 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். வெயில் காய்ந்த மண் செங்கல்லால் கட்டிய வீடுகள் அந்த ஊரின் வறட்சிக்குப் பொருத்தமானவை. அந்த ஓட்டத்தை அவற்றால் தாங்க முடியவில்லை.

அன்று லேயில் உள்ள மழைமானியில் பதிவானது வெறும் 12.8 மில்லிமீட்டர். சென்னையில் அது குடை எடுக்க மறந்தவர்கள் கடை வாசலில் ஒதுங்கி நிற்கும் மழை. மேலே சரிவுகளில் பெய்தது பல மடங்கு இருந்திருக்க வேண்டும் என்று பின்னர் ஆய்வாளர்கள் கணித்தார்கள். மானி இருந்தது பள்ளத்தாக்கில், மழை கொட்டியது சரிவில். மலைநாட்டில் சில கிலோமீட்டருக்குள் மழை எவ்வளவு மாறும் என்பதற்கும், ஒற்றை மழைமானியை நம்பி மழையளவைப் பேசுவது எவ்வளவு கடினம் என்பதற்கும் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு பாடநூலில் இல்லை.

2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவைச் செய்தியில் பார்த்த மாணவர்கள் இரண்டும் ஒன்றா என்று கேட்பார்கள். உயிரிழப்பின் துயரத்தில் ஒன்றுதான். மண் நகர்ந்த விதம் வேறு. வயநாட்டில் ஆழமாகச் சிதைந்த மண், செடி கொடி மூடிய சரிவு, பல நாள் கனமழை. மண் உள்ளுக்குள் நீரால் நிரம்பி, கனத்து, தன் பிடியை இழந்து மொத்தமாக இறங்கியது. லடாக்கில் மண் நிரம்பவே நேரமில்லை. இறங்க முடியாத நீர் மேலாக ஓடி, தளர்ந்து கிடந்த கல்லை அள்ளிக்கொண்டு வந்தது. சாய்த்த தட்டில் இதைக் காட்டலாம். ஒரு தட்டில் ஈர மண்ணை அழுத்தி, மற்றொன்றில் உலர்ந்த மணலும் சிறு கல்லும் தளர்வாகப் பரப்பி, இரண்டையும் 30 பாகை சாய்த்துப் பூவாளியால் ஊற்றுங்கள். இரண்டாவது தட்டில் சில நொடிகளில் கல் நகரும். முதல் தட்டுக்குப் பொறுமை வேண்டும்.

வயல் இருக்கும் இடம்

மூன்றாவது பாடவேளைக்கு ஒரே ஒரு படம். மலை இடுக்கிலிருந்து ஓடை சமவெளிக்கு வரும் இடத்தில், வேகம் குறைந்து, சுமந்து வந்ததை விசிறி போலப் பரப்பிவிடுகிறது. வண்டல் விசிறி என்று ஒன்பதாம் வகுப்பில் படித்ததுதான். மேல்முனையில் பெருங்கல், நடுவே சரளை, ஓரத்தில் பொடிமண். அந்தப் படத்தை வரைந்து, "உன் வீட்டையும் வயலையும் எங்கே வைப்பாய்? புள்ளி வை" என்று கேட்கிறேன்.

ஆகஸ்ட் 6 பற்றிக் கேட்ட பிறகு பெரும்பாலோர் வீட்டை மலை முகட்டில் வைப்பார்கள். அங்கே தண்ணீர் ஏது என்று அடுத்த இருக்கைக்காரன் கேட்பான். சரிவில் வைத்தால் கல். விசிறியில் வைத்தால் நீர் உண்டு, பொடிமண் உண்டு, ஆனால் அடுத்த ஓட்டம் வரும் வழியும் அதுதான். லடாக் ஊர்கள் பலவும் விசிறிகளில் இருப்பதற்குக் காரணம் மக்களின் அறியாமை இல்லை. வயல் விளையக்கூடிய இடமே அது. பனியும் பனிப்பாறையும் உருகி வரும் நீரை யூரா எனப்படும் கால்வாய்களில் கொண்டுவந்து, சிங் எனப்படும் குளங்களில் தேக்கி, முறைவைத்துப் பாய்ச்சுகிறார்கள். கல்லைப் பொறுக்கி வரப்புச் சுவராக அடுக்கி, கால்வாய் நீர் கொண்டுவரும் பொடி வண்டலைத் தேக்கி, ஆட்டு எருவும் வீட்டின் உலர் கழிப்பறையில் மட்கிய எருவும் சேர்த்து, பார்லி விளையும் மண்ணைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்களே உண்டாக்கியிருக்கிறார்கள். லடாக்கின் பச்சைத் திட்டு ஒவ்வொன்றும் கையால் செய்த மண் என்று சொன்னால் மிகையில்லை. அண்மைக் காலத்தில் நகரம் விரிந்தபோது புதிய குடியிருப்புகள் ஓடை வழிகளுக்குள்ளும் போயின. முகப்பேர், நொளம்பூர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் கதையை வீட்டில் கேட்டே வளர்ந்தவர்கள் அவர்கள்; கூவம் பக்கத்தில்தான் ஓடுகிறது.

படத்தில் புள்ளி வைத்த காரணத்தை ஐந்து வரியில் எழுதச் சொல்லி, அதையே வளரறி மதிப்பீடாக எடுத்துக்கொள்கிறேன். சரியான புள்ளி என்று ஒன்று கிடையாது. நீர், மண், சரிவு மூன்றையும் குறிப்பிட்டிருந்தால் முழு மதிப்பெண். சென்ற ஆண்டு ஒரு மாணவி வீட்டை விசிறியின் ஓரத்து மேட்டிலும் வயலை விசிறியின் நடுவிலும் வைத்து, "வயல் போனால் மறுபடி செய்துகொள்ளலாம்" என்று எழுதியிருந்தாள்.

தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் இதில் விழுக்காட்டையும் கோணத்தையும் விட்டுவிடலாம். நான்காம், ஐந்தாம் வகுப்புக்குக் கூழாங்கல்லும் ஜல்லியும் தொட்டுப் பார்ப்பது, மூன்று பாட்டில், முட்டை ஓடு ஆகிய மூன்றும் போதும். பாட்டில் வெட்டுவதை ஆசிரியரே செய்துவிட வேண்டும், விளிம்பில் ஒட்டுத்தாள் ஒட்ட வேண்டும். ஜல்லியைக் கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் தூசு நீரைக் கலக்கி, எது மண்ணிலிருந்து வந்தது என்று தெரியாமல் போகும். மொத்தச் செலவு ஒரு டஜன் எலுமிச்சம்பழம். அதையும் சாறு பிழிந்தபின் பிள்ளைகள் விட்டுவைக்க மாட்டார்கள்.